தங்கையின் துப்பாக்கியை டனீடனுக்கு அனுப்பிய வாரம்

வேதவள்ளி கட்டிய பெட்டி உடைந்து திரும்பி வந்ததில்லை என்று ஈஸ்ட் டாமாக்கியில் அவள் வேலை செய்யும் கிடங்கில் சொல்வார்கள். குளியலறைக் குழாய், நிலைக்கண்ணாடி, பீங்கான் தொட்டி என்று எது வந்தாலும் முதலில் அளப்பாள். அடியில் நுரைப்பலகை, மூலைக்கு மூலை மடித்த அட்டை, மேலே ஒரே இழுப்பில் டேப். கடைசியில் பெட்டியின் ஆறு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைப்பாள். வழியில் அடிபட்டால், இங்கிருந்து எப்படிப் போனது என்று காட்ட ஆதாரம் வேண்டுமே. அது அவளாக ஆரம்பித்த பழக்கம். இரண்டு வருடம் கவனித்துவிட்டு சூப்பர்வைசர் அதையே எல்லாருக்கும் விதியாக்கினார். சொந்த ஊரான கிள்ளானில் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவளுக்கு, தன் பழக்கம் ஒன்று கம்பெனியின் விதியானதில் உள்ளுக்குள் கொஞ்சம் மிதப்புதான்.

அதைவிடப் பெரிய மிதப்பு தங்கை சுரேகா. பதினேழு வயது இளையவள். அம்மா அப்பா இருவரும் போன பிறகு, பதினோரு வயதில் அக்காவோடு கிள்ளானிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து, ரானுயியில் குடியேறியவள். இங்கே பள்ளியில் மற்றப் பிள்ளைகள் நெட்பால் ஆடப் போனபோது, இவள் ஒரு தோழியோடு துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போனாள். ஐம்பது மீட்டர் தூரத்தில் ஒரு காகிதம். அதன் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். தரையில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, அதைச் சுட வேண்டும். வேதவள்ளி முதல் தடவை பார்த்தபோது பயந்தாள். இரண்டாம் தடவை, சுட்ட காகிதத்தை வாங்கி வந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். சுரேகா படித்து முடித்து, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போய், முதல் சம்பளங்களைச் சேர்த்துச் சொந்தமாக ஒரு ரைஃபிள் வாங்கினாள். அதற்குள் அந்தக் கதவில் காகிதம் ஒட்ட இடமில்லாமல் போயிருந்தது.

தமிழ்ச் சங்கத்தில் எல்லாருக்கும் அது பிடித்தது என்று சொல்ல முடியாது. ஒரு தீபாவளி விருந்தில் சங்கத்து ராஜூ, சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டே, நாலு பேர் கேட்க, கிள்ளான் வழக்கத்தில் 'லா' சேர்த்துச் சொன்னார்:

"வேதா, ஒன் தங்கச்சிய பொண்ணு பாக்க வர்றவன் ஹெல்மெட் போட்டுட்டுத்தான் வரணும் போல லா."

எல்லாரும் சிரித்தார்கள். வேதவள்ளியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து சுரேகா எந்தப் போட்டியில் எத்தனை புள்ளி எடுத்தாலும் சங்கத்தின் வாட்சப் குரூப்பில் படத்தோடு போட்டாள். அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

சுரேகாவுக்குத் தெற்குத் தீவில், டனீடன் ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்தபோது ஒரு சிக்கல் வந்தது. அங்கே அவளுக்குக் கிடைத்தது வாடகைக்கு ஓர் அறைதான். துப்பாக்கிப் பெட்டகம் வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ரைஃபிள் ரானுயி வீட்டிலேயே இருக்க வேண்டுமென்றால் அங்கே இருப்பவரில் ஒருவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். வேதவள்ளியின் கணவர் சுந்தரம் பஸ் ஓட்டுகிறவர். "எனக்கு இருக்கிற ஒரு லைசென்ஸ் போதும், ஆள விடு," என்றுவிட்டார். ஆகவே வேதவள்ளி படித்தாள். விதிப் புத்தகத்தை வாங்கி, தெரியாத சொல்லுக்கெல்லாம் ஓரத்தில் தமிழில் பொருள் எழுதி, வேலைக்குப் போகும் வழியில் ஹைவேயில் கார் நிற்கும் போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பரீட்சையில் ஒரு கேள்விகூடத் தப்பவில்லை. போலீஸ் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து அவளையும் சுந்தரத்தையும் தனித்தனியே விசாரித்தார். சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. நாற்பத்தொன்பது வயதில் அவளுடைய படத்தோடு ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வந்தது. அதையும் குரூப்பில் போட்டாள்.

எட்டு மாதம் கழித்து சுரேகா தனியாக ஒரு சின்ன வீடு எடுத்தாள். பெட்டகம் பொருத்தி, போலீஸ் வந்து பார்த்து, சரி என்று சொல்லியாயிற்று. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே தெற்குத் தீவுப் போட்டி. அவளுக்கு லீவு இல்லாததால் வந்து எடுத்துப் போக முடியவில்லை. போட்டி பார்க்க வேதவள்ளி டிக்கெட் எடுத்திருந்தது சனிக்கிழமைக்குத்தான்; பயிற்சிக்கு அதற்கு முன்பே துப்பாக்கி வேண்டும். ரைஃபிளை கூரியரில் அனுப்புவது என்று முடிவாயிற்று.

"அக்கா, இது கொழாய் தொட்டி இல்ல. நான் சொல்றத எழுதிக்க," என்றாள் சுரேகா போனில்.

"எழுதிக்கிட்டுத்தான்டி இருக்கேன். நீ சொல்லு."

அவள் சொன்னதையெல்லாம் வேதவள்ளி கோடு போட்ட தாளில் எழுதினாள். கூரியர் கம்பெனிக்கும் முன்கூட்டியே போன் செய்து கேட்டாள். எல்லாக் கிளையிலும் துப்பாக்கி எடுக்கமாட்டார்கள், எடுக்கும் கிளைக்கு நேரில் போக வேண்டும் என்றார்கள். ரைஃபிளில் தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட் என்ற இரும்புத் துண்டைக் கழற்றி, தனிப் பெட்டியில், வேறு நாளில் அனுப்ப வேண்டும். அது இல்லாவிட்டால் மிச்சம் உள்ளது சுடாது. வெளிப்பெட்டி சாதாரண அட்டையாக இருக்க வேண்டும். உள்ளே என்ன என்று வெளியில் ஓர் எழுத்து, ஒரு படம் கூடாது. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் லைசென்ஸ் உள்ளவர்களாக இருக்க வேண்டும். வாங்குகிறவர் நேரில் கையெழுத்திட வேண்டும்.

திங்கட்கிழமை போல்ட் போயிற்று. செவ்வாய்க்கிழமை காலை, ஷிப்டை மாற்றிக்கொண்டு, ரைஃபிளைக் கட்டினாள். உள்ளே பூட்டிய கடினப் பெட்டி, அதைச் சுற்றி நுரை, அதற்கு வெளியே தண்ணீர்த் தொட்டி வந்த பழுப்பு நிற அட்டை. அட்டையில் இருந்த கம்பெனிப் பெயரைக்கூட டேப்பால் மறைத்தாள். கவுன்டரில் இருந்த பெண் லைசென்ஸைப் பார்த்து, பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள்," என்றாள். வேதவள்ளிக்குக் காது வரை சந்தோஷம்.

காருக்கு வந்து உட்கார்ந்தாள். வழக்கம்போல எடுத்த படங்கள் போனில் இருந்தன. திறந்த பெட்டியில், கறுப்பு நுரையின் நடுவே பளபளவென்று ரைஃபிள். மூடிய பெட்டி. சுரேகாவின் பெயர், வீட்டு முகவரி, போன் எண், பார்சலைத் தேடும் எண் எல்லாம் தெளிவாகத் தெரியும் லேபிள். அவற்றை அப்படியே குரூப்பில் போட்டாள். கீழே எழுதினாள்: "எங்கள் சுரேகாவின் ரைஃபிள் இன்று டனீடனுக்குப் பயணம். போல்ட் நேற்றே தனியாகப் போய்விட்டது. வியாழன் அல்லது வெள்ளி போய்ச் சேரும். சனிக்கிழமை போட்டி. எல்லாரும் வாழ்த்துங்கள்."

வாழ்த்தினார்கள். கூப்பிய கைகளும் கைதட்டல்களும் மாலை வரை வந்துகொண்டிருந்தன. ராஜூகூட ஒரு கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். அதைத்தான் அவள் இரண்டு தடவை பார்த்தாள்.

வியாழக்கிழமை பத்து மணி டீ நேரத்தில் சுரேகா கூப்பிட்டாள்.

"அக்கா, வேலையிலயா இருக்க?"

"டீ பிரேக்தான். பார்சல் டனீடன் வந்துருச்சு, பாத்தியா? விடியக்காலையிலயே கூரியர் டிப்போல ஸ்கேன் பண்ணிட்டாங்க."

"நானும் பாத்தேன். மதன்குமாரும் பாத்திருக்காரு."

"யாருடி மதன்குமார்?"

"எனக்கும் தெரியாது. காலையில ஏழரைக்கு வந்து கதவத் தட்டுனாரு. இங்க யூனிவர்சிட்டியில படிக்கிறவராம், மதுரைப் பக்கமாம். 'அக்கா, உங்க ரைஃபிள் டிப்போவுக்கு வந்துருச்சு, நான் நம்பர் போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கேன், வேணும்னா கார்ல கூட்டிட்டுப் போறேன்'னாரு."

வேதவள்ளிக்கு முதலில் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. "பாரு, நம்ம ஆளுங்க எவ்வளவு உதவி..." என்று ஆரம்பித்தாள்.

"அவருக்கு எப்படி என் வீடு தெரியும் அக்கா?"

வேதவள்ளி டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இங்க இருக்கிற தமிழாளுங்க குரூப்புல வந்துச்சாம். அதுக்கு வேற எங்கருந்தோ வந்திருக்கு. அவரு போன்ல எனக்கே காட்டுனாரு. என் அட்ரஸு, போன் நம்பரு, உள்ள என்ன இருக்கு, போல்ட் எப்ப கெளம்புச்சு, எல்லாம் இருக்கு."

"பெட்டி மேல ஒரு எழுத்துகூட எழுதலயேடி நான்."

"பெட்டி மேல எழுதல. போன்ல எழுதுன."

பக்கத்து மேசையில் யாரோ பிஸ்கட் டின்னைத் திறந்தார்கள். வேதவள்ளி எழுந்து வெளியே, லாரிகள் நிற்கும் பக்கம் போனாள்.

"அவரு நல்லவருதான் அக்கா. தம்பி மாதிரிதான் பேசுனாரு," என்றாள் சுரேகா. குரல் உயரவில்லை. சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் அவள் குரல் இறங்கித்தான் போகும். "நல்லவரு கதவத் தட்டிட்டு வந்தாரு. பாத்துட்டுத் தட்டாம இருக்கிறவங்க எத்தன பேருன்னு எனக்குத் தெரியல. நான் இங்க தனியா இருக்கேன்."

விதிப் புத்தகத்தில் வேதவள்ளி கோடு போட்டு வைத்த பக்கம் ஒன்று உண்டு. திருடர்கள் துப்பாக்கி உள்ள வீடுகளைத்தான் தேடிப் போவார்கள், ஆகவே யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே என்ற பக்கம். பரீட்சையில் அதிலிருந்தும் ஒரு கேள்வி வந்தது. சரியாகத்தான் எழுதினாள்.

"கூரியருக்குச் சொல்லிட்டேன். வீட்டுக்குக் கொண்டு வராம டிப்போலயே பூட்டி வச்சிருப்பாங்க. போலீசுக்கும் சொல்லணும். யாரு போட்டதுன்னு கேப்பாங்க அக்கா."

அந்த இடத்தில் வேதவள்ளி மனசில் ஓடியதை அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. சுந்தரம் போட்டதாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அவருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் இல்லை, பிடுங்குவதற்கு ஒன்றுமில்லை என்று கணக்குக்கூடப் போட்டுவிட்டது மனசு.

"நானே சொல்றேன்," என்றாள்.

உள்ளே போய் சூப்பர்வைசரிடம் அரை நாள் லீவு கேட்டாள். அவர் சிரித்த முகமாக, "தங்கை விஷயமா? துப்பாக்கி போய்ச் சேர்ந்துவிட்டதா?" என்று கேட்டார். இங்கேயும் அவள்தான் சொல்லியிருந்தாள். படத்தையும் காட்டியிருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு, சேர்ந்துவிட்டது என்றாள்.

காரில் உட்கார்ந்து முதலில் குரூப்பில் போட்டதை அழித்தாள். அழித்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்ற வரி நின்றது. ஒரு நிமிஷத்தில் யாரோ அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறியைப் போட்டார்கள். பிறகு எழுத ஆரம்பித்தாள். மூன்று வரி எழுத அரை மணி நேரம் ஆயிற்று: "செவ்வாய்க்கிழமை நான் போட்ட படங்களை எல்லாரும் தயவுசெய்து அழித்துவிடுங்கள். யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். நான் அதைப் போட்டிருக்கக் கூடாது. தப்பு என்னுடையது."

இந்தத் தடவை கைதட்டல் வரவில்லை. பார்த்தவர்கள் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. ராஜூ நேராகப் போன் போட்டார்.

"வேதா, நான் அழிச்சிட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும் லா."

"சொல்லுங்க அண்ணே."

"எங்க மச்சான் குரூப்புக்கு அனுப்பியிருந்தேன். சும்மா பெருமைக்குத்தான். நம்ம பொண்ணு பாருங்கடான்னு. அவன் சிங்கப்பூர்ல இருக்கான், ஒண்ணும் ஆவாது. ஆனா அந்தக் குரூப்புல யாரு யாரு இருக்காங்கன்னு எனக்கே தெரியாது."

ஹெல்மெட் என்று கிண்டல் செய்தவர், நம்ம பொண்ணு என்கிறார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவும் செய்தாள். இப்போது அது காதில் விழுந்தபோது போனை எப்போது வைப்பார் என்றிருந்தது.

போலீசுக்கு அவளே பேசினாள். பெயர், லைசென்ஸ் எண், என்ன செய்தாள், எப்போது, எத்தனை பேருக்கு. மறுமுனையில் ஒரு பெண் கேட்டுக்கொண்டாள். தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார் என்றாள்.

லைசென்ஸுக்காக முன்பு வந்த அதே அதிகாரிதான் வந்தார். போன தடவை போட்ட தேநீரை நன்றாக இருக்கிறது என்று குடித்தவர், இந்தத் தடவை வேண்டாம் என்றார். பெட்டகத்தைத் திறக்கச் சொன்னார். காலியாக இருந்தது. கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டார். வேதவள்ளி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சுந்தரம் வாசற்படி ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசியாக, "இந்த வீட்டில் பெட்டகம் இருப்பது வெளியில் யாருக்காவது தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. போன அக்டோபரில் அவளுடைய டேப் கட்டர், சுந்தரத்தின் பஸ் ஓட்டுநர் அட்டை, தையல் மெஷின் எல்லாவற்றையும் துடைத்து வைத்ததோடு, பெட்டகத்தின் கதவிலும் சந்தனமிட்டுக் குங்குமம் வைத்தாள். பெட்டகத்தைத் திறந்து, ரைஃபிளுக்கு முன்னால் தட்டில் பொரியும் கடலையும் வைத்துக் கற்பூரம் காட்டினாள். அதைச் சுந்தரம் படம் எடுத்தார். பின்னால் படுக்கையறை ஜன்னலும், ஜன்னல் வழியே எதிர்வீட்டு வேலியும் தெரியும்படி இருந்த அந்தப் படத்தையும் அவள்தான் குரூப்பில் போட்டாள்.

"ஏங்க, அந்த ஆயுத பூஜை படம்," என்றாள் தமிழில்.

சுந்தரத்துக்கு முகம் மாறியது. "அத அவரு கேக்கலையே. நீ பேசாம இரு," என்றார் மெதுவாக.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேதவள்ளி போனை எடுத்து, அக்டோபர் வரை பின்னால் தள்ளி, படத்தைத் தேடி எடுத்து அவரிடம் நீட்டினாள். ஆயுத பூஜை என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. வேலைக்கு உதவும் பொருளுக்கு நன்றி சொல்வது என்றாள். தன் வாயால் சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பூஜை அசடு இல்லை. அதைப் படமெடுத்து ஊருக்குக் காட்டியதுதான். ஆனால் அந்த வித்தியாசத்தை ஆங்கிலத்தில் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இந்தச் செவ்வாய்க்கிழமை வரை இங்கே துப்பாக்கி இருந்தது, இல்லையா?" என்றார்.

"ஆமா."

"ஐந்து மாதம் யாரும் வராதது உங்கள் அதிர்ஷ்டம்," என்றார். திட்டவில்லை. முடிவு கடிதமாக வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். கடிதத்துக்காக அவள் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை தானாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பெட்டகத்தைக் கழற்றிய இடத்தில் சுவரில் நாலு ஓட்டை தெரிந்தது. சுந்தரம் அதைப் பூசி வெள்ளையடித்தார்.

சுரேகா வெள்ளிக்கிழமையே டிப்போவுக்குப் போய் லைசென்ஸைக் காட்டி ரைஃபிளை வாங்கினாள். ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்குக் கொண்டு போகாமல் நேராகக் கிளப்பின் பூட்டறையில் வைத்தாள். சனிக்கிழமை சுட்டாள். நான்காவதாக வந்தாள். இதையெல்லாம் சுந்தரத்துக்குத்தான் போனில் சொன்னாள். அவர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். வேதவள்ளி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். போட்டி பார்க்கப் போக எடுத்திருந்த விமான டிக்கெட் வீணாயிற்று. வராதே என்று சுரேகா சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் கூப்பிட்டாள். "அக்கா, வீடு மாத்துறேன். கட்டிப் போட ஆள் வேணும். வர்றியா?"

வேதவள்ளி மறுநாளே லீவு எழுதிக் கொடுத்தாள்.

டனீடனில் மேட்டுத் தெருவில் அந்தச் சின்ன வீடு இருந்தது. முன்வாசலில் நின்றால் மரங்களுக்கு நடுவே துறைமுகம் தெரிந்தது. சுரேகா ஆசைப்பட்டு எடுத்த வீடு. வாங்கி வந்த திரைச்சீலைகளின் விலைச்சீட்டுகூடப் பிரிக்காமல் இருந்தது. கதவில் உள்பக்கம் இரண்டு புதுத் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். வேதவள்ளி அவற்றைப் பார்த்தாள். தொட்டுப் பார்க்கவில்லை.

காலை முழுவதும் இருவரும் கட்டினார்கள். தட்டுகளை நிறுத்தி வைத்து நடுவில் காகிதம் செருகினாள் வேதவள்ளி. புத்தகத்தைச் சின்னப் பெட்டியிலும் துணியைப் பெரிய பெட்டியிலும் போட்டாள். சுரேகா டேப் ஒட்டினாள்.

"வளைஞ்சு போவுது பாரு, ஒரே இழுப்பா இழு," என்றாள் வேதவள்ளி.

"சரி மேடம்," என்றாள் சுரேகா. கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

மத்தியானத்துக்குள் பதினான்கு பெட்டி ஆயிற்று. வேதவள்ளி மார்க்கர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள். "புது அட்ரஸ் சொல்லு. எழுதிடலாம்."

சுரேகா கீழே குனிந்து, ஏற்கெனவே ஒட்டிய டேப்பை விரலால் தேய்த்தாள்.

"வேன்காரருக்குத் தெரியும் அக்கா. எழுத வேணாம்."

"பேராவது?"

"வேணாம் அக்கா."

வேதவள்ளி மூடியைத் திரும்பப் போட்டாள். "புது வீட்டுல ஜன்னலுக்கு வெளிச்சம் வருமா?" என்று கேட்டாள்.

"வரும்."

"துறைமுகம் தெரியுமா?"

சுரேகா பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். "செட்டில் ஆனதும் சொல்றேன் அக்கா," என்றாள். "இப்ப யாருக்கும் சொல்லல. கிளப்புல ஒருத்தருக்கும், போலீசுக்கும் மட்டுந்தான் தெரியும்."

யாருக்கும் என்பதற்குள் தானும் இருப்பது வேதவள்ளிக்குப் புரிந்தது. எட்டு வருஷம் தலை பின்னி விட்டவள், பள்ளிக்கு எடுத்துப் போக நெகிழிப் பெட்டியில் சோறு கட்டித் தந்தவள் என்று சொல்லிக் கேட்கலாம். கேட்க முடியவில்லை. கேட்காமல் இருப்பதுதான் இப்போது தன்னால் கொடுக்க முடிந்தது என்று தோன்றியது.

வேன் வந்தது. ஓட்டுநர் இறங்கி, எங்கே போக வேண்டும் என்று கேட்டான். சுரேகா போனில் முகவரியைத் தேட ஆரம்பித்து, அக்கா நிற்பதைப் பார்த்துத் தயங்கினாள்.

வேதவள்ளி துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு, "அடுப்புக்குப் பின்னால எண்ணெ பிசுக்கா இருக்கு, தொடச்சிட்டு வர்றேன்," என்று சொல்லி சமையலறைக்குள் போனாள். தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று துடைத்தாள். பெட்டிகள் ஏறும் சத்தம் கேட்டது. வேன் கதவு மூடியது. வண்டி கிளம்பி, மேட்டின் அடியில் வேகம் குறைந்து, ஏதோ ஒரு பக்கம் திரும்பியது. எந்தப் பக்கம் என்று அவள் பார்க்கவில்லை.